இரண்டு இடது கை

பதினாலு வருஷம்
துணியை எனக்கு எடையாகத்தான் தெரியும்.
பர்கூர் மார்க்கெட்டில் ஒரு பேல் நூத்திப்பத்து கிலோ.
உள்ளே சேலையா வேட்டியா பள்ளிக்கூட யூனிபாரமா
என் கழுத்து கேட்டதில்லை.

ஐப்பசி மழையில் லாரிப் பலகை வழுக்கிக்
கணுக்கால் போனது.
மாவுக்கட்டோடு நாற்பத்தைந்து நாள்.
கூரைத் தகரத்தில் ஆணி எண்ணினேன்.
அறுபத்திரண்டு. மறுநாளும் அறுபத்திரண்டு.

நாகவேணிக்கு விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி வேன்.
போச்சம்பள்ளியில் அவள் இடது கை வைப்பவள்.
சட்டைக்கு இடது கை, அவ்வளவுதான் வேலை.
நாளைக்கு எழுநூறு.
வலது கை அடுத்த மிஷின், மத்தூர் அஞ்சலா.
காலர் யாரோ, பை யாரோ.

"சும்மா கெடந்து என்னை மொறைக்கிறதுக்கு
இதக் கத்துக்க" என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழைய மிஷின் முன்னால் உட்கார வைத்தாள்.
ஒரு கால் போதும் என்றாள்.
ஊசியில் நூல் இல்லை.
துணியும் தரவில்லை.
மகளின் போன வருஷத்து நோட்டிலிருந்து ஒரு தாள்.
"கம்பெனில மொத மூணு நாள் இதான்.
கோட்டு மேலயே போ."

போனேன்.
சக்கரம் பின்னால் சுற்றியது.
மூன்றாம் பானிபட் போருக்கான காரணங்களில்
இரண்டாவதும் நான்காவதும் கிழிந்தன.
மீதியை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
ஆஸ்பத்திரியில் என் எலும்பைப் பார்த்த மாதிரி.
நூல் போகாத துளை வழியே
வெளிச்சம் கோணலாக வந்தது.
"இங்க பயந்திருக்க" என்று ஒரு இடத்தைத் தொட்டாள்.
சரியாகத்தான் தொட்டாள்.

நூல் கோர்த்த வாரம்
செல்போனில் நேரம் வைத்தாள்.
ஐம்பது செகண்ட். திரும்ப. நாற்பத்தெட்டு. திரும்ப.
நாலாவது தடவை
"கண்ணு எங்கடா இருக்கு, வீட்லயா?"

மிஷின் நின்றது.
நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்.
அது அவள் குரலும் இல்லை.
எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை
நின்றபடியே குடித்தாள்.
யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை.
அதற்கப்புறம் செல்போன்
அரிசி டிரம் மேலேயே கிடந்தது.

சேட்டு கடையில் கறைபட்ட நீலத் துணி ரெண்டரை மீட்டர்
சும்மா கொடுத்தார்.
உடம்பைத் தெருமுனை டெய்லர் தைத்துக் கொடுத்தார்.
கையை மட்டும் நாங்கள்.
இடது கையை அவள் பேசிக்கொண்டே வைத்து முடித்தாள்,
என்ன பேசினாள் என்பதுகூட நினைவிருக்கிறது, கேஸ் சிலிண்டர் விலை.
வலது எனக்கு.
சொல்லித்தர வந்தவள் கை அந்தரத்தில் நின்றது.
துணியைத் திருப்பினாள். ஸ்டூலைத் திருப்பினாள்.
மிஷினுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று
தலைகீழாக யோசித்தாள்.
ஒன்பது வருஷத்தில்
அவளுக்கு வலது கை தெரியாது.

எப்படியோ வைத்தேன்.
போட்டுப் பார்த்தபோது
யோகவர்ஷினிதான் கண்டுபிடித்தாள்:
"அப்பா, உனக்கு ரெண்டும் லெப்ட்டு."
வெட்டும்போதே ரெண்டும் இடதாக வெட்டியிருந்தாள்.
நாகவேணி சிரித்துச் சிரித்துத்
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் கம்பெனி கக்கூஸ் வாசலில்
அஞ்சலாவிடம் கேட்டு
உள்ளங்கையில் பேனாவால் வரைந்து வந்தாள்.
வேன் கம்பியைப் பிடித்ததில் பாதி அழிந்திருந்தது.
மீதிப் பாதியில் இருந்துதான்
வலது கை கற்றுக்கொண்டேன்.
அஞ்சலாவை இன்னும் பார்த்ததில்லை.

நீலச் சட்டையைப் பிரிக்கவில்லை.
அவள் தைப்பதெல்லாம் கப்பல் ஏறிப் போகிறது.
அவள் வைத்த கையோடு பர்கூரில் நடப்பவன்
நான் ஒருத்தன்.
வலது தோளில் பேல் ஏறும்போது
கக்கத்தில் பிடிக்கிறது.

நேற்று ஏற்றும்போது கேட்டேன், "உள்ள என்னங்க?"
கணக்கர் பேனாவை நிறுத்தினார்.
"எடை போட்டாச்சே" என்றார்.
"இல்ல, துணியா? தச்சதா?"